வாசனை தெரியாதவர் காய்ச்சிய பீர்

என் கணவருக்குப் பீர் காய்ச்சுவதுதான் தொழில் என்பதைக் கல்யாணத்துக்கு முன்னால் எங்களிடம் யாரும் சொல்லவில்லை. "பெங்களூர்ல ஓட்டல் லைன்ல இருக்காரு" என்று மட்டும் சொன்னார்கள். திருப்போரூர் பக்கம் நெல்லும் வேர்க்கடலையும் போட்டுக்கொண்டிருந்த குடும்பம் அவருடையது. கிருத்திகை தவறாமல் விரதம் இருக்கிற வீட்டில், பையன் பீர் காய்ச்சுகிறான் என்று எப்படிச் சொல்வார்கள்?

கல்யாணம் ஆன புதிதில் ஒருநாள் அவர் வேலை செய்யும் இடத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் ஆளுயரத்துக்குப் பளபளவென்று கொப்பரைகள். ஒன்றின் மூடியைத் திறந்து, "மோந்து பாரு" என்றார். பயந்துகொண்டேதான் குனிந்தேன். சாராய நெடி அடிக்கும் என்று நினைத்திருந்தேன். வறுத்த கேழ்வரகில் சூடாகப் பால் ஊற்றினால் வருமே, அந்த மாதிரி இருந்தது. "பார்லிய முளைக்கட்டி வறுத்து ஊறவெச்சிருக்கோம். அவ்ளோதான் இது" என்று சிரித்தார். நான் அன்றும் குடிக்கவில்லை, இன்றுவரை குடித்ததில்லை. ஆனால் என் புருஷன் தப்பான தொழில் செய்கிறார் என்ற எண்ணம் அன்றோடு போய்விட்டது.

அந்த வேலையில் நாக்கைவிட மூக்குதான் பெரிது என்று அவர் சொல்வார். கொப்பரையில் இருப்பது சரியாக வருகிறதா, கெட்டுப்போகப் பார்க்கிறதா என்பதை மூடியைத் திறந்த கணத்தில் சொல்லிவிடுவாராம். வீட்டிலும் அப்படித்தான். படி ஏறி வரும்போதே பக்கத்து வீட்டில் என்ன தாளிக்கிறார்கள் என்று சொல்லுவார்.

பெருந்தொற்றுக் காலத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் காய்ச்சல் வந்தது. இரண்டு பேருக்கும் வாசனை போனது. எனக்குச் சில வாரங்களில் திரும்பிவிட்டது. அவருக்குத் திரும்பவில்லை. கிராம்பு, எலுமிச்சைத் தோல், காப்பித்தூள் என்று டப்பாக்களில் போட்டு டாக்டர் சொன்னபடி தினமும் முகர்ந்து பார்த்தார். முதலில் எல்லாம் தண்ணீர் மாதிரி இருக்கிறது என்றார். பிறகு அந்த டப்பாக்களைத் தொடுவதையே விட்டுவிட்டார். நாக்கில் உப்பு, புளிப்பு, கசப்பு, இனிப்பு மட்டும் தெரிந்தது. மற்றதெல்லாம் போய்விட்டது.

வேலையில் கொஞ்ச நாள் சமாளித்தார். அதற்குள் ஒரு கொப்பரை முழுக்கக் கெட்டுப்போய், அது தெரியாமல் வாடிக்கையாளர்களுக்கே ஊற்றிவிட்டார்கள். முதலாளி நல்ல மனுஷர்தான். கையைப் பிடித்துக்கொண்டுதான் போகச் சொன்னார். எனக்குச் சென்னைக்குத் தெற்கே படூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை கிடைத்ததால் இங்கே வந்து ஒரு அப்பார்ட்மெண்டில் குடியேறினோம்.

நான் வேலைக்குப் போவேன், அவர் வீட்டில் இருப்பார். ஒருநாள் மத்தியானம் அடுப்பில் வைத்த பருப்பு கருகி, புகை வெளியே போய், எதிர்வீட்டுக்காரர் கதவைத் தட்டும்வரை அவர் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். சாயங்காலம் வந்த என்னிடம், "ஒரு நாள் இந்த வூடு பத்திகினு எரிஞ்சாலும் எனக்குத் தெரியாது போலகீது" என்றார். பெங்களூரில் இருந்த காலமெல்லாம் ஒளித்து வைத்திருந்த ஊர்ப் பேச்சு அவருக்கு அப்போது திரும்ப வந்திருந்தது.

அவரோடு சகஜமாகப் பேசிக்கொண்டிருந்தது ஒரே ஒரு ஆள்தான். எங்கள் கேட்டுக்கு மீன் கொண்டுவரும் அம்மா. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்திலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வருவார். ஐம்பது வயது இருக்கும். முதல் தடவை என் கணவர் மீனை எடுத்துச் செவுளை மட்டும் விரித்துப் பார்த்ததும், அந்த அம்மா "இன்னாண்ணா, மோந்து பாக்காமயே வாங்கற?" என்று கேட்டிருக்கிறார்.

"மோந்தா எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. காய்ச்சல்ல போயிடிச்சி."

"குடுத்து வெச்ச ஆளுண்ணா நீ. நான் தலைக்குக் குளிச்சிட்டுப் பவுடர் போட்டுகினு கல்யாணத்துக்குப் போனாலும் பக்கத்துல ஒருத்தி உக்கார மாட்டா."

என் கணவர் வாய்விட்டுச் சிரித்ததை நான் மாடியிலிருந்து கேட்டேன். அந்தச் சத்தத்தைக் கேட்டு எவ்வளவோ காலம் ஆகியிருந்தது.

அந்த அம்மாதான் கொட்டகையைப் பற்றிச் சொன்னார். கரையில் மீன் ஏலம் போடவும் பெண்கள் உட்கார்ந்து விற்கவும் அவர்கள் குப்பத்தில் ஒரு கொட்டகை இருந்ததாம். கடல் வருஷா வருஷம் உள்ளே வந்து, கடைசியில் ஒரு ஐப்பசியில் அதன் தூண்களைச் சாய்த்துவிட்டது. "மொத்தக் கொட்டாயையும் இழுத்துகினு பூட்ச்சிக்கா. இப்ப ரோட்டோரம் வெயில்ல குந்திகினு கீறோம். மீனு நாறுதோ இல்லியோ, நாங்க நாறிடறோம்" என்று என்னிடமும் சொன்னார்.

சில நாள் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் கணவர் திடீரென்று சொன்னார்: "ஒரு பீர் விழா நடத்தலாம்."

பெங்களூரில் அவருடைய சிநேகிதர்கள் அப்படி நடத்துவார்களாம். கையால் காய்ச்சும் சின்னச் சின்ன ஆட்கள் எல்லாம் ஒரு மைதானத்தில் கூடி, டிக்கெட் போட்டு, வந்த பணத்தைப் பள்ளிக்கூடத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ கொடுப்பார்கள். அதை இங்கே கடற்கரையில் செய்து, வருவதைக் கொட்டகைக்குக் கொடுக்கலாம் என்றார். அவர் குரல் மாறியிருந்தது. தட்டில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எப்படிச் சொல்வது?

செங்கல்பட்டில் கலால் அலுவலகத்துக்கு நானும் கூடவே போனேன். அங்கிருந்த அதிகாரி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"நல்ல காரியந்தான் சார். ஆனா நம்ம ஊர்ல ஒருத்தர் சொந்தமா பீர் காய்ச்சவே கூடாது. வெளி மாநிலத்துலருந்து கொண்டுவரவும் வுடமாட்டாங்க. தர்மத்துக்குன்னாலும் சட்டம் சட்டந்தான்" என்றார். வெளியே வரும்வரை கூடவே வந்து, "தப்பா நெனச்சிக்காதீங்க" என்றும் சொன்னார். அவர் மேல் என்ன தப்பு இருக்கிறது?

திரும்பி வரும் பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் தாண்டியதும் என் கணவர் என் பக்கம் திரும்பி, "சாராயம் இல்லாம காய்ச்சினா?" என்றார். கொதித்த பார்லி நீரைக் கொஞ்சமே நொதிக்கவிட்டு, போதை ஏறுவதற்கு முன்னால் நிறுத்திவிடலாமாம். நுரை இருக்கும், கசப்பு இருக்கும், பீரின் மணம் இருக்கும், போதை மட்டும் இருக்காது. ஆனால் அது பச்சைக் குழந்தை மாதிரி என்றார். சாராயம் இருந்தால் கிருமி அண்டாது. இல்லாவிட்டால் கடைசி நிமிஷம்வரை குளிரிலேயே வைத்திருக்க வேண்டும்.

குப்பத்துப் பெண்களைக் கேட்காமல் செய்யக்கூடாது என்று நான் சொன்னதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். ரோட்டோரம் தார்ப்பாய் நிழலில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பீர் என்ற வார்த்தையைக் கேட்டதுமே ஒரு கிழவி எழுந்து போய்விட்டார். எங்கள் மீன்கார அம்மாதான் மற்றவர்களிடம் பேசினார். "போதை இல்லியாம். சோடா மாரிதான். அந்தாளு பொய் சொல்லமாட்டாரு" என்றார். பிறகு என் கணவரிடம் திரும்பி, "நாங்க மீன் வறுத்து விக்கறோம். ஒரு எடம் மட்டும் குடுங்க, போதும்" என்றார்.

பெங்களூர்ப் பழக்கத்தில் தெரிந்த ஒருவர் அப்போது கடற்கரைச் சாலையில் ஒரு விடுதிக்கு மேனேஜராக வந்திருந்தார். புல்வெளியைச் சும்மா கொடுப்பதாகச் சொன்னார். பின்கட்டில் பூட்டிக் கிடந்த பழைய சமையலறையைத் திறந்துவிட்டார். உணவுத் துறை ஆட்களை அழைத்துக் காட்டி அனுமதியும் அவரே வாங்கித் தந்தார். என் கணவர் பழைய கொப்பரைகளையும் பீப்பாய்களையும் விலைக்கு வாங்கி அங்கே இறக்கினார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றி எழுதுவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஏனென்றால் அவைதான் எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள்.

கல்லூரி விட்டதும் பஸ் ஏறி நேராக விடுதிக்குப் போவேன். அவர் காத்துக்கொண்டிருப்பார். ஒவ்வொரு கொப்பரையாகத் திறந்து என்னை முகரச் சொல்வார். எனக்கு முதலில் எதையும் சொல்லத் தெரியவில்லை. "நல்லா கீதுன்னு சொல்லாத. எது மாரி கீதுன்னு சொல்லு" என்பார். மெல்லக் கற்றுக்கொண்டேன். பழுத்த வாழைப்பழம் மாதிரி. மழை பெய்த வைக்கோல் மாதிரி. வெயிலில் காய்ந்த கொத்தமல்லி மாதிரி. நான் சொல்லச் சொல்ல அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். சில சமயம், "ஆங், ஆங், அதான்" என்று தலையாட்டுவார், ஏதோ அவருக்கும் அது எட்டிவிட்ட மாதிரி. எது வந்தால் கெட்டுவிட்டது என்று அர்த்தம் என்பதையும் சொல்லிக்கொடுத்தார். நாள்பட்ட வெண்ணெய் வரக்கூடாது. குழந்தை கக்கிய பால் வரவே கூடாது. வந்துவிட்டால் மொத்தத்தையும் கொட்ட வேண்டியதுதான், சரிசெய்ய வழியில்லை.

எங்கள் சுவரொட்டியைப் பார்த்துவிட்டு ஓஎம்ஆர் சாலை ஐடி கம்பெனிகளில் வேலை செய்யும் பிள்ளைகள் நிறையப் பேர் டிக்கெட் வாங்கினார்கள். போதை இல்லை என்று தெரிந்ததும் சிலர் கிண்டல் செய்தார்கள், ஆனாலும் வருவதாகச் சொன்னார்கள். விழாவுக்கு முந்தின நாட்களில் கல்லூரியில் ஆய்வுக் குழு வந்திருந்ததால் என்னால் விடுதிக்குப் போக முடியவில்லை. அதற்கு முன்பு கடைசியாக முகர்ந்து பார்த்தபோது எல்லாவற்றையும் பீப்பாய்களில் நிரப்பி, குளிர் அறையில் அடுக்கி வைத்திருந்தார். எல்லாமே நன்றாக இருந்தன. இஞ்சியும் நன்னாரியும் போட்ட ஒன்று அவ்வளவு நன்றாக இருந்தது. எனக்கே குடித்துப் பார்க்கலாமா என்று தோன்றியது.

விழா அன்று சாயங்காலம் நான் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் வந்துவிட்டிருந்தது. கடல்காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. குப்பத்துப் பெண்கள் ஒரு பக்கம் அடுப்பு மூட்டி வஞ்சிரமும் நெத்திலியும் வறுத்துக்கொண்டிருந்தார்கள். எண்ணெயும் மிளகாயும் கலந்த அந்த வாடை புல்வெளி முழுக்கப் பரவியிருந்தது. என் கணவர் பழைய தோல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு பீப்பாய்களுக்குப் பின்னால் நின்றார். பெங்களூரில் நான் முதல் முதலாகப் பார்த்த ஆள் மாதிரியே இருந்தார்.

கூட்டத்தில் புகுந்து அவரிடம் போவதற்குள் ஊற்ற ஆரம்பித்துவிட்டார். நுரை அழகாக நின்றது. நிறம் தேன் மாதிரி இருந்தது. முதல் கோப்பையைத் தானே குடித்துவிட்டு, கையை உயர்த்தி எல்லோருக்கும் காட்டினார். கைதட்டினார்கள்.

கோப்பை வாங்கிக்கொண்டு போனவர்களை நான் கவனித்தேன். ஒரு பெண் ஒரு வாய் குடித்துவிட்டு, பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தாள். அவன் தன் கோப்பையை மூக்கருகே கொண்டுபோய் உடனே இறக்கினான். இரண்டு பேரும் ஒன்றும் சொல்லாமல் கோப்பைகளைப் புல்லில் வைத்துவிட்டு மீன் வாங்கப் போனார்கள். அடுத்தவர்களும் அப்படியே. யாரும் சண்டை போடவில்லை. நல்ல காரியத்துக்காக நடக்கிற விழா, அந்த மனுஷர் அவ்வளவு சந்தோஷமாக நிற்கிறார், எப்படிச் சொல்வது என்று பார்த்திருப்பார்கள். புல்வெளி ஓரமெல்லாம் நிறைந்த கோப்பைகள் சேர்ந்துகொண்டே போயின.

நான் ஒன்றை எடுத்து முகர்ந்தேன்.

குழந்தை கக்கிய பால்.

அடுத்த பீப்பாயிலிருந்து ஊற்றியதை எடுத்தேன். அதுவும் அப்படித்தான். இஞ்சி போட்டதில் மட்டும் இஞ்சி அதைக் கொஞ்சம் மறைத்திருந்தது.

அவர் என்னைப் பார்த்துவிட்டார். ஊற்றுவதை நிறுத்தாமலே, "எப்டி கீது?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

பக்கத்தில் போய் நின்றேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் இந்தச் சாயங்காலமாவது அவருக்கு மிச்சமாகும் என்று நினைத்தேன். ஆனால் இத்தனை நாள் அவர் என் மூக்கை நம்பித்தான் நின்றிருந்தார். அதில் பொய் கலக்க எனக்கு மனம் வரவில்லை.

"கெட்டுப்போச்சுங்க" என்றேன். "எல்லாமே."

அவர் குழாயை மூடினார். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நாக்குல சரியாத்தான் இருந்துச்சி" என்றார் மெல்ல. பிறகு, "கோப்பைங்க திரும்பி வரல. அப்பவே நெனச்சேன். நீ சொல்றியா, மறைக்கிறியான்னு பாத்துகினு இருந்தேன்."

மைக்கை அவரே வாங்கினார். பீர் கெட்டுவிட்டது, யாரும் குடிக்க வேண்டாம், டிக்கெட் பணத்தைத் திருப்பித் தந்துவிடுகிறோம், தனக்கு வாசனை தெரியாது, அதனால்தான் இப்படி ஆகிவிட்டது என்று சொன்னார். அந்தக் கடைசி விஷயத்தை இங்கே வந்த பிறகு அவர் வெளியாட்கள் யாரிடமும் சொன்னதில்லை, மீன்கார அம்மாவைத் தவிர. யாரோ ஒருவர் கைதட்ட ஆரம்பித்து, அது பொருந்தாமல் நின்றுபோனது. சிலர் பணம் வேண்டாம் என்றார்கள். அவர் கேட்கவில்லை. கெட்டுப்போன பண்டத்துக்குக் காசு வாங்கமாட்டேன் என்று ஒவ்வொருவருக்கும் திருப்பிக் கொடுத்தார். கொட்டகைக்கு என்று ஒரு ரூபாய்கூட மிஞ்சவில்லை.

இருட்டுவதற்கு முன்பே பீப்பாய்களை மணலில் சாய்த்துக் கொட்டினார். நான் தூக்க வந்தேன், வேண்டாம் என்று தலையசைத்தார். மீன்கார அம்மா எண்ணெய்க் கையோடு ஓடிவந்து, "வுடுண்ணா. கடலு எங்க கொட்டாயத் தூக்கிகினு போச்சே, அத இன்னா கேட்டோம் நாங்க? இதுவும் அப்டித்தான்னு வுடு" என்றார். அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

என்ன நடந்தது என்று அடுத்த வாரம் தெரிந்தது. விடுதியில் விழாவுக்கு முந்தின நாள் ஒரு கல்யாண வரவேற்பு. ஐஸ்கிரீமும் இறைச்சியும் வைக்க இடம் போதாமல், சமையல்காரர்கள் பீப்பாய்களை வெளியே முற்றத்தில் எடுத்து வைத்திருக்கிறார்கள். என் கணவர் டிக்கெட் வேலையாக வெளியே போயிருந்த அந்தப் பகல் முழுக்க அவை வெயிலில் கிடந்தன. விருந்து முடிந்ததும் நல்லபடியாகத் திரும்ப உள்ளே அடுக்கிவிட்டார்கள். என் கணவர் மறுநாள் காலையில் வந்து தொட்டுப் பார்த்தபோது சில்லென்றுதான் இருந்திருக்கின்றன. அந்தச் சமையல்காரர் என்னிடம் வந்து, "இவ்ளோ பெரிய விஷயம்னு தெரியாதுங்க மேடம்" என்று அழுதார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

வீட்டில் சொன்னேன். உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை என்றேன்.

"பழைய ஆளா இருந்திருந்தா, குழாயத் தொறந்த ஒடனே தெரிஞ்சிருக்கும்" என்றார். "எவன் வெயில்ல வெச்சா இன்னா?"

நான் வேறு ஏதோ பேசப் பார்த்தேன். இன்னொரு தடவை காய்ச்சலாம், இந்த முறை நான் லீவு போட்டுவிட்டுக் கூடவே இருக்கிறேன் என்றேன். "உன் மூக்க வெச்சிகினு நான் எத்தினி நாள் பொழைக்கிறது?" என்றார். கோபத்தில் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். அன்று சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

கருவிகளைப் புதுச்சேரியிலிருந்து வந்த ஒருவர் எடுத்துக்கொண்டு போனார். என் கணவர் ஏப்ரனையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். இப்போது ஓஎம்ஆரில் ஒரு பார்சல் கிடங்கில் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து அடுக்கும் வேலை. போகிறார், வருகிறார். சமைத்ததைச் சாப்பிடுகிறார். எனக்குத் தலைவலி என்றால் தைலம் எடுத்துத் தருகிறார். என்னிடம் கோபமே இல்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. அந்தச் சாயங்காலங்களில் என் எதிரே கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆள் எங்கே போனார் என்று சில சமயம் அவர் தூங்கும்போது பார்த்துக்கொண்டிருப்பேன்.

அடுத்த மழைக்காலத்தில் குப்பத்தில் முதல் வரிசை வீடுகள் சரிந்தன. மீன்கார அம்மாவின் வீடும் அதில் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடை இல்லாமல் வந்து கேட்டில் நின்றார். கல்பாக்கம் பக்கம் மகள் வீட்டோடு போய் இருக்கப்போவதாகவும், இனி இந்தப் பக்கம் வரமாட்டேன் என்றும் சொன்னார்.

"அண்ணாவ ஒருவாட்டி பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்கா" என்றார்.

நான் மேலே போய்ச் சொன்னேன். அவர் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "தூங்கறேன்னு சொல்லு" என்றார்.

கீழே வந்து அப்படியே சொன்னேன். அந்த அம்மா மாடி ஜன்னலை ஒரு தடவை பார்த்தார். "தூங்கட்டும்கா, எழுப்பாத" என்று என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, பஸ் ஸ்டாப் பக்கம் நடந்து போனார். நான் மேலே வந்தபோது என் கணவர் எழுந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார்.

"போயிட்டாங்களா?" என்று கேட்டார்.

போய்விட்டார் என்றேன். தட்டை வைத்துச் சோறு போட்டேன். அவர் தலையைக் குனிந்து சாப்பிட ஆரம்பித்தார்.